இத்தாலிப் பசங்க உன் குவார்ட்டர்ஸுக்கு வந்தாங்க, மரகதக்கா

என் எதிர்வூட்டு மகராசி மரகதக்காவுக்கு,

அஞ்சலை எழுதறேன். நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் கடுதாசி ஆரம்பிச்சுப் பழக்கம், அதனால கேட்டுடறேன். நல்லா இருக்கியாக்கா? இங்க நாங்க எல்லாரும் சுகம். முட்டி வலி மட்டும் என்னை விட்டுப் போகலை. நீ இருந்தப்ப ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியா இருந்த வலி, இப்ப மொத்தமும் எனக்கே வந்துட்டாப்போல இருக்கு.

நீ எட்டாவது, நான் அஞ்சாவது. அதைச் சொல்லியே என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்குவே. பைப்புல தண்ணி வரலைன்னாலும் தெருவிளக்கு எரியலைன்னாலும் நம்ம பிளாக்குக்கு மனு எழுதினவ நீதான். இப்ப பிடுங்க ஆளில்லை, நானே எழுதறேன். இதை இலக்கியா டைப் அடிச்சு அவ படத்துக்குப் போடற மலர்ல சேர்க்கப் போறாளாம். எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்கோடி, வார்த்தையில கை வெச்சியோ கையை ஒடிச்சுடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

ஆமாம், படத்துக்குத்தான் மலர். சினிமாப் படம். உன் வூட்டுல எடுத்தாங்க அக்கா.

முதல்ல கதை எங்கேருந்து வந்துதுன்னு சொல்றேன். இத்தாலி நாட்டுலேருந்து. சிரிக்காதே. என் பேத்தி இலக்கியா சென்னையில சினிமா படிச்சாளே, அங்கே கூடப் படிச்ச பொண்ணு ஒண்ணு அவளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் குடுத்துச்சாம். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி அந்த நாட்டுல ஒரு ஆள் வரைஞ்சது. கடையில தொங்கவிட்டு விக்கிற புத்தகம் இல்லையாம். மட்டக் காகிதத்துல யாருக்கும் தெரியாம அச்சடிச்சு, பைக்குள்ள வெச்சுக்கினு போயி, ரயிலடியிலயும் காலேஜ் வாசல்லயும் கைக்குக் கை குடுப்பாங்களாம். உன் வூட்டுக்காரர் மாமா உயிரோட இருந்தப்ப யூனியன் நோட்டீஸை சட்டைக்குள்ள மடிச்சு வெச்சுக்கினு வருவாரே, அந்த மாதிரின்னு நான் புரிஞ்சுக்கினேன்.

பக்கம் பக்கமா எனக்குக் காட்டினாள். எழுத்து அவங்க நாட்டு எழுத்து. ஆனா படம் பார்க்க அஞ்சாவது போதும்க்கா. ஒவ்வொரு பக்கத்துலயும் கறுப்பு மையைக் கொட்டி வெச்சிருக்கான். மூணு பையன், ஒரு பொண்ணு. மூக்கு நீட்டு நீட்டா, தலைமயிர் வைக்கோல்போர் மாதிரி. ஒரு தொழிற்சாலை ஊரு. காலையில சங்கு ஊதுது, அப்பனுங்க எல்லாம் ஒரே சட்டையில வரிசையாப் போறானுங்க. இந்த நாலு பேரும் போக மாட்டேன்னு ஒரு பாழடைஞ்ச கட்டடத்துல போய் உக்காந்துக்கறாங்க. அப்பனை எதிர்த்துப் பேசறாங்க, வாத்தியாரை எதிர்த்துப் பேசறாங்க, கோயில் சாமியாரைக்கூட விடலை. கடைசிப் பக்கம் வரைக்கும் அடங்கவே இல்லை. அவ்வளவுதான் கதை.

“இதுல என்னாடி இருக்கு சினிமா எடுக்க?”ன்னு கேட்டேன்.

“ஆயா, சங்கு ஊதற ஊரு. அப்பாவுங்க எல்லாம் ஒரே எடத்துக்கு வேலைக்குப் போற ஊரு. இது நெய்வேலி இல்லாம வேற எந்த ஊரு?”ன்னாள்.

எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. ஆனா அவ முதல்ல எழுதின கதை சரியில்லை. நம்ம பசங்க தோல் சட்டை மாட்டிக்கினு வந்தாங்க. மே மாசத்து நெய்வேலியில தோல் சட்டை! போட்டவன் புரட்சி பண்றதுக்கு முன்னாடி வேர்க்குருவுலயே போயிடுவான். அப்புறம் பைக் திருடறாங்க. அதுதான் ரொம்ப முக்கியமான எடமாம், அடங்காத பசங்கன்னு காட்டற எடம். கூடத்துல நடந்து நடந்து எனக்கு நடிச்சுக் காட்டினாள்.

என் மகன் ரவி அப்பத்தான் ஷிப்டு முடிஞ்சு வந்து தட்டுல கை வெச்சான். மகள் வேலைக்குப் போகாம சினிமா சினிமான்னு அலையறாளேன்னு அவனுக்கு ஏற்கெனவே கடுப்பு. சோத்தைப் பிசைஞ்சுக்கினே சொன்னான்: “இதெல்லாம் இந்த ஊர்ல எடுபடாதும்மா. பைக் திருடினவனை நாலே நாள்ல ஜாமீன்ல எடுத்து, பொண்ணு பாத்துக் கல்யாணமும் பண்ணி வெச்சுடுவாங்க. பர்மனென்ட் வேலையை வேணாம்னான் பாரு எதிர்வூட்டு செல்வம், அவனை இன்னிக்கு வரைக்கும் கேண்டீன்ல திட்டிக்கினு இருக்கானுங்க.”

திட்டறதுக்காகத்தான் சொன்னான். ஆனா இலக்கியா நடந்துக்கினு இருந்தவ அப்படியே நின்னுட்டாள்.

உன் மகன் கதையை உனக்கு நான் சொல்லணுமாக்கா? படிக்கிறவங்களுக்குத் தெரியணுமே, அதனால சொல்றேன், பொறுத்துக்கோ. மாமா சர்வீஸ்ல இருக்கும்போதே நெஞ்சுவலியில போயிட்டாரு. வாரிசு வேலை செல்வத்துக்குன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. இந்தப் பக்கத்துல எத்தனை பேரு நிலத்தைக் குடுத்துட்டு, கான்ட்ராக்ட்ல தலை நரைச்சு, பர்மனென்ட்ங்கற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கெடக்கறாங்க. உன் மகன் மீசை முளைச்சும் முளைக்காம வாசல்ல நின்னுக்கினு, “அப்பா எறங்கின குழியில நான் எறங்க மாட்டேன்”னு சொல்லிட்டான்.

பிளாக்கே வந்து புத்தி சொல்லிப் பார்த்துச்சு. குறிஞ்சிப்பாடியிலேருந்து உன் அண்ணன் வந்தாரு, பூசாரி வந்தாரு, மாமாகூட வேலை செஞ்சவங்க வந்தாங்க. வந்தவங்களுக்கெல்லாம் நீ டீ போட்டே. யாரும் இல்லாதப்ப அவனைத் திட்டினே. என் அடுப்பங்கரை வரைக்கும் கேக்கும். “ஊருக்கெல்லாம் ஒரு சங்கு ஊதுது, எழுந்து போறாங்க. உனக்கு எந்தச் சங்குடா ஊதணும்? உன்னைப் பெத்த வயித்துல பெரண்டையைத்தான் வெச்சுக் கட்டணும்!” அதே மூச்சுல, “குழம்புல உப்பு சரியா இருக்கான்னு சொல்லிட்டுப் போடா”ம்பே.

அப்புறம் ஒரு நாள் காலையில வெளுத்த பொடவையைக் கட்டிக்கினு அந்த வாரிசு வேலைக்கு நீயே போயிட்டே. மைன்ஸ்லேருந்து தோண்டிக் கொட்டின மண்மேட்டுல மரம் நடற வேலை. எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலை.

அந்தக் கதையைத்தான் இலக்கியா எடுத்துக்கினாள். இத்தாலிக்காரன் பசங்க, நம்ம ஊரு அடங்காத்தனம். தோல் சட்டை போச்சு, பைக் திருட்டு போச்சு. படத்துல பையன் பேரு கதிர். வாரிசு வேலையை வேணாம்னுட்டு, கூட்டாளிங்களோட காலி குவார்ட்டர்ஸ் ஒண்ணுல போய்ப் படுத்துக்கறான்.

அந்த நாட்டுக்காரங்ககிட்ட உத்தரவு கேக்கணும்னாள். வரைஞ்சவர் செத்துப் போயிட்டாராம். அவரோட அக்கா இருக்காங்க. போன்ல முகம் பார்த்துப் பேசினாங்க, நானும் எட்டிப் பார்த்தேன். கிராப்பு வெட்டின வெள்ளைத் தலை, என் வயசுதான் இருக்கும். ஒரு கையில வெங்காயம் உரிக்கிற கத்தி, இன்னொரு கையில சிகரெட்! நான் கும்பிட்டேன். அந்தம்மா புகையை விட்டுக்கினே கையை ஆட்டுச்சு. நடுவுல புத்தகம் குடுத்த அந்தக் கூட்டாளிப் பொண்ணு உக்காந்து ரெண்டு பாஷையையும் மாத்தி மாத்திச் சொல்லுச்சு.

அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. “ஊரை மாத்துங்க, பேரை மாத்துங்க, துணியை மாத்துங்க. கடைசியில என் தம்பி வரைஞ்ச பசங்களை நல்ல பிள்ளைங்களா மட்டும் மாத்திடாதீங்க. உயிரோட இருந்தவரைக்கும் அவன்கிட்ட எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க.”

இலக்கியா வாக்கு குடுத்தாள். நானும் பக்கத்துல இருந்து தலையாட்டினேன். அப்ப அது என் வாக்கும்தானே?

செல்வத்துகிட்டயும் கேக்கப் போனோம். காடாம்புலியூர்ல லாரிக்குப் பலாப்பழம் ஏத்திக்கினு இருந்தான். விஷயத்தைச் சொன்னதும், “என்னை வெச்சுப் படமா? பலாப்பழம் எங்கனா ஈரோவாவுமா?”ன்னு சிரிச்சான். சரின்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. நல்ல பழமாப் பார்த்துத் தட்டி எடுத்து எங்க மடியில வெச்சு அனுப்பிட்டான். உன் பிள்ளைதானே, நேரா ஒரு பதில் வருமா?

எடம் பார்க்கிறதுதான் பெரிய வேலையா இருந்துச்சு. உங்க வரிசை மொத்தமும் அப்பவே காலியாக் கெடந்துது அக்கா. நீ ரிடையர் ஆகி, சாவியைக் குடுத்துட்டு, முத்தாண்டிக்குப்பத்துக்கு செல்வத்தோட போனதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. வரிசையை இடிக்கறதுக்கு நாள் குறிச்சுட்டாங்க. இலக்கியா அலைஞ்சு திரிஞ்சு, இடிக்கிறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஷூட்டிங் எடுத்துக்க உத்தரவு வாங்கிட்டாள். அதுல அவ தேர்ந்தெடுத்தது உன் வூடு.

ஷூட்டிங்குக்கு முந்தின வாரம் நான் ஊர்ல இல்லை. குறிஞ்சிப்பாடியில தம்பி பேரனுக்குக் காது குத்து. வியாழக்கிழமை பொழுது சாய வந்து படுத்துட்டேன். வெள்ளிக்கிழமை காலையில வாசல் தெளிக்க வந்தவ எதிர்ல பார்க்கறேன், உன் வூட்டுக் கதவு திறந்து கெடக்கு. உள்ளே போனா, ஐயோ! செவுரு பூரா கரியில பிசாசு மாதிரி மூஞ்சிங்க. தரையெல்லாம் சிகரெட் துண்டு, காலி பாட்டிலு, ஒடைஞ்ச நாற்காலி, பழைய டயரு. நீ தெனமும் தொடைச்சுத் தொடைச்சு வழுவழுன்னு வெச்சிருந்த அடுப்புமேடையில சாம்பல் குமிஞ்சு கெடக்கு.

எவனோ குடிகாரப் பசங்க வந்து கெடுத்துட்டானுங்கன்னு நினைச்சுட்டேன். அன்னிக்குத்தான் படத்துக்குப் பூஜை வேற. பூஜை போடற எடமா இது? உன் வூடா இது?

பின் வரிசை ஜெபமாலையைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிக்காரி, எட்டிப் பார்த்ததுமே, “ஏ அஞ்சல, இதென்னட்டி, மாட்டுத்தொழுவம் தேவலாம் போலிருக்கே!”ன்னு பொடவையைத் தூக்கிச் செருகிட்டாள். சத்தம் கேட்டு இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க வந்தாங்க. குப்பையை வாரித் தொட்டியில கொட்டினோம். தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சு செவுத்துல இருந்த மூஞ்சிங்களை எல்லாம் கழுவினோம். ஒரு மூஞ்சி போகவே மாட்டேன்னுது, ஜெபமாலை அதைத் திட்டிக்கினே தேய்ச்சாள். பினாயில் ஊத்தினோம். நெலவாசல்ல மாவிலை கட்டி, படியண்டை பெருசா ஒரு கோலம் போட்டு, சுத்தியும் காவி இழுத்தேன். நீ உயிரோட இருந்தாக்கூட அவ்வளவு சுத்தம் பண்ணியிருக்க மாட்டே. கோவிச்சுக்காதே.

சினிமாக்காரங்க வேன் வந்துது. செட்டு போடற தம்பி முதல்ல எறங்கி உள்ளே போனான். போன வேகத்துல வெளியே வந்து, வேற வூடோன்னு நம்பரைப் பார்த்தான். திரும்ப உள்ளே போனான்.

“ஆயா… செவுத்துல இருந்ததெல்லாம் எங்க?”

“கழுவிட்டோம் தம்பி. எவனோ நாறப்பய கிறுக்கி வெச்சிருந்தான்.”

“அந்த நாறப்பய நான்தான் ஆயா.”

இத்தாலிப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு வாரமா ராப்பகலா அவன் வரைஞ்சதாம். சாம்பலைக்கூட சலிச்சுக் கொட்டியிருக்கான்க்கா! அந்தப் பையன் தலையில கை வெச்சுக்கினு உக்காந்துட்டான். கேமராக்காரரு சிரிப்பை அடக்கிக்கினு அந்தப் பக்கம் போயிட்டாரு. இலக்கியா என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை போனா எடம் போச்சு, எடம் போனா படம் போச்சு. படியோரமா உக்காந்து நகத்தைக் கடிச்சுக்கினு இருந்தாள்.

நான் செஞ்சது தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன். நாறிக் கெடக்கிற வூட்டைப் பார்த்துட்டுப் பேசாம போறவங்க வேற ஊர்ல இருக்கலாம், நம்ம பிளாக்குல இல்லை. நீயே சொல்லு, நீ பேசாம போயிருப்பியா?

அந்த நேரம் பார்த்து சென்னையிலேருந்து கார்ல புரொடியூசர் தம்பி வந்து எறங்கினாரு. தங்கமான ஆளுதான், வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு எங்க வூட்டுக்குள்ள வந்து உக்காந்தாரு. நடந்ததைக் கேட்டாரு. நான் போட்ட இட்லியையும் பலாக்கொட்டைக் குழம்பையும் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அப்புறம் மெதுவா பேச்சை எடுத்தாரு.

“எப்படியும் ஒரு நாள் போச்சு. இருக்கிற நாள்ல முடிக்கணும்னா கடைசி சீனைச் சுருக்கமா வெச்சுக்கலாம்மா. நான் அன்னைக்கே சொன்னதுதான். பையன் வந்து அம்மா கால்ல விழறான், வேலைக்குப் போறேன்னு சொல்றான், முடிஞ்சுது. நம்ம ஜனங்க அதுக்குத்தான் கைதட்டுவாங்க.”

“அந்த இத்தாலி அம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன் சார்.”

“அவங்களா வந்து இங்க டிக்கெட் வாங்கப் போறாங்க?”

செட்டு போச்சு, நாள் போச்சு, மறுத்துப் பேச இலக்கியா கையில என்ன இருக்கு? என்னால வந்த வினை. ரவி மூலையில நின்னுக்கினு, “சார் சொல்றதும் நியாயந்தானேம்மா”ன்னான்.

அப்பத்தான் செல்வம் வந்தான். ஷூட்டிங் ஆளுங்களுக்குன்னு லாரியில ரெண்டு பழம் போட்டுக்கினு வந்திருந்தான். வாசப்படியில நின்னபடியே எல்லாத்தையும் கேட்டிருக்கான். இவர்தான் சார் அந்தக் கதைக்குச் சொந்தக்காரருன்னு நான் சொன்னதும் புரொடியூசர் தம்பி எழுந்து நின்னாரு.

“அப்ப நீங்களே சொல்லுங்க. கடைசியா அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பீங்கதானே?”

“இல்லீங்க.”

“ஒரு தடவைகூடவா?”

செல்வம் பழத்தைக் கீழே வெச்சுட்டு, கைப் பிசினை லுங்கியில தொடைச்சான். “எதுக்குங்க கேக்கணும்? நான் போகலை, அவங்க போனாங்க. நான் கால்ல வுழுந்திருந்தா, அவங்க அத்தினி வருஷம் மண்மேட்டுல நின்னது என் தப்புக்கு அவங்க பட்ட தண்டனைன்னு ஆயிடும். அது தண்டனை இல்லீங்க, அவங்க உத்தியோகம். ரிடையர் ஆன அன்னிக்கு மாலையைப் போட்டு, மேளம் அடிச்சு, வேன்ல கொண்ணாந்து எறக்கினாங்க. அந்த மாலையை ஒரு வாரம் கழட்டி எறிய வுடலை எங்கம்மா. நான் வுழுந்தேன்னு காட்டினீங்கன்னா அவங்க உத்தியோகத்தையும் பொய்யாக்கிடுவீங்க.”

அக்கா, உன் பிள்ளை அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. உன்கிட்ட என்னிக்காவது இதைச் சொல்லியிருக்கானா? சொல்லாமலே உனக்குத் தெரியுமா?

சொல்லிட்டு அவன் பாட்டுக்கு வெளியே எறங்கி, தெருவைத் தாண்டி, உன் வூட்டைப் பார்க்கப் போனான். நீ காலி பண்ணினதுக்கப்புறம் அவன் அங்கே காலடி வெச்சதில்லை. நாங்க வாசல்ல நின்னு பார்த்துக்கினு இருந்தோம். படியண்டை போனவன் கீழே பார்த்தான், நின்னான். பெரிய கோலம், வழி அடைச்சுக்கினு கெடக்கு. பெரிய உருவம்க்கா இப்ப அவன், தொப்பையும் லுங்கியுமா. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கினு, செவுத்தை ஒரு கையால புடிச்சு, ஓரமா ஒரு காலைத் தூக்கி வெச்சு, தடுமாறி, இன்னொரு காலையும் தூக்கி, ஒரு புள்ளி கலையாம தாண்டி உள்ளே போனான்.

இலக்கியா என் தோளைப் புடிச்சாள். “சார், பாத்தீங்களா? சார், பாத்தீங்களா?”ங்கறாள்.

அவ்வளவுதான் கடைசி சீனு. அன்னிக்கே எடுத்தாங்க. சினிமாவுல கடைசியை முதல்ல எடுக்கறதும் உண்டாம், நமக்கென்ன தெரியும். படத்துல அது அம்மா முதல் நாள் வேலைக்குப் போற காலை. கதிர் எங்கேயோ சுத்திட்டு கூட்டாளிங்களோட திரும்பி வர்றான். அவங்க பாழடிச்சு வெச்சிருந்த வூட்டை யாரோ கழுவி, கோலம் போட்டு வெச்சிருக்காங்க. யாருன்னு அவனுக்குத் தெரியும். ஆனா அவ அங்கே இல்லை, ஷிப்டுக்குப் போயிட்டாள். அவன் அழலை, திருந்தலை, வேலைக்குப் போறேன்னும் சொல்லலை. கோலத்தை மிதிக்காம தாண்டி உள்ளே போயி, ஈரத்தரையில செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கறான். கூட்டாளிங்களும் ஒவ்வொருத்தரா தாண்டறாங்க. அந்தப் பொண்ணு மட்டும் கொஞ்சம் தடுமாறி ஓரத்துக் காவியை லேசா அழிச்சுட்டு, குனிஞ்சு விரலால சரி பண்றாள். அது நாங்க யாரும் சொல்லிக் குடுத்தது இல்லை, அந்த நடிக்கிற பொண்ணே செஞ்சுது.

புரொடியூசர் தம்பி டீ கிளாஸைக் கையில வெச்சுக்கினே பார்த்தாரு. டீ ஆறிப் போச்சு. “கால்ல விழ வேணாம்”னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

செட்டு தம்பி பாவம், மறுபடியும் மூஞ்சிங்களை வரைஞ்சு, சாம்பல் கொட்டினான், மீதிக் கதையை ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சாங்க. நாங்க பொம்பளைங்க எல்லாரும் கூடமாட ஒத்தாசை பண்ணினோம். பொறந்ததுலேருந்து வூட்டைச் சுத்தம் பண்ணினவங்களுக்கு, அழுக்குப் பண்றதும் நல்லாத்தான் இருந்துச்சு. ஜெபமாலை ஒரு மூஞ்சிக்கு அவ புருஷன் மீசையை வரைஞ்சு விட்டுட்டாள், அது படத்துலயும் வந்திருக்கு.

உன் வேஷத்துக்குக் கடலூர்லேருந்து நாடகத்துல நடிக்கிற பொண்ணு வந்துது. நல்லா நடிச்சுது. ஆனா திட்டற எடத்துல ரொம்ப மரியாதையாத் திட்டுச்சு. நான் பக்கத்துல உக்காந்து உன் வசவு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தேன். பெரண்டை வசவு வந்ததும் கேமராக்காரரு மூஞ்சியைத் தொடைச்சுக்கினாரு, அவங்க அம்மாவும் அதையேதான் திட்டுவாங்களாம். உப்பு சரியா இருக்கான்னு கேக்கறதையும் சேர்க்கச் சொன்னேன். அது இல்லாம நீ எங்கே?

படத்தை வெட்டி ஒட்டினதுக்கப்புறம் இத்தாலி அம்மாவுக்கு அனுப்பினாள் இலக்கியா. போன்ல வந்துது அந்தம்மா, அன்னிக்கு சிகரெட் இல்லை. கடைசியில அந்தப் பையன் ஏன் அப்படித் தாண்டித் தாண்டிப் போறான்னு கேட்டுச்சு. அரிசி மாவுல போடறது, மிதிக்கக்கூடாதுன்னு சொன்னோம். அதுக்கு அந்தம்மா சொல்லுச்சு, அவங்க அம்மா தரையை ஈரத்துணியால தொடைச்சுட்டு நியூஸ் பேப்பரை விரிச்சு வெப்பாங்களாம். ஊரையே எதிர்த்த அந்தத் தம்பி, வூட்டுக்குள்ள வரும்போது மட்டும் பேப்பர் பேப்பராப் பார்த்துக் கால் வெச்சுத்தான் போவாராம். “இவங்க நல்ல பிள்ளைங்களா மாறலை. சரியாத்தான் எடுத்திருக்கீங்க”ன்னு சொல்லி, என்னைப் பார்த்துக் கும்பிட்டுச்சு. நான் சொல்லிக் குடுக்காமலே கும்பிடக் கத்துக்கிச்சு பாரு.

உன் வரிசை இப்ப இல்லை. சொல்ல வேணாம்னு பார்த்தேன், மறைச்சுக் கடுதாசி எழுத எனக்கு வராது. தரைமட்டமா இருக்கு, புல்லு முளைச்சிருக்கு. எனக்கு அதுல பெரிய துக்கம் ஒண்ணுமில்லை. ஒரு வூடு இடிஞ்சா இன்னொரு வூடு. நீயே சாவியைக் குடுத்துட்டுத் திரும்பிப் பார்க்காமத்தானே போனே.

பொங்கல் கழிச்சு நம்ம ஊர்ல படம் போடறாங்க. ரவி உள்ளுக்குள்ள பயந்துக்கினு இருக்கான். கேண்டீன்ல இப்பவே கேக்கறானுங்களாம், “உம்பொண்ணு பர்மனென்ட் வேலையைத் தூக்கி எறியச் சொல்லிப் படம் எடுத்திருக்காளாமே, உனக்கு மட்டும் சம்பளம் வேணுமா?”ன்னு. நேத்து என்கிட்ட வந்து, “ஏம்மா, ஜனங்க சத்தம் போட்டா என்னா பண்றது?”ன்னு சின்னப் பிள்ளை மாதிரி நிக்கறான். பயந்தாலும் டிக்கெட்டு முதல் ஆளா அவன்தான் வாங்கி வெச்சிருக்கான். செல்வமும் வரேன்னிருக்கான், சட்டை எடுக்கணும்னான். லுங்கியிலயே வாடா, கதையே உன்னுதுதானேன்னு சொல்லியிருக்கேன்.

சத்தம் போடத்தான் போறாங்க. எனக்குத் தெரியும். வாரிசு வேலையை வேணாம்னு அந்தப் பையன் சொல்ற எடத்துல, இருட்டுல எவனாவது ஒருத்தன் கண்டிப்பாத் திட்டுவான். நம்ம ஊர்ல அது திட்டு வாங்கற விஷயம்தான், நான் இல்லேன்னு சொல்லலை.

ஆனா மரகதக்கா, அந்தப் பிள்ளையைத் திட்டற பாத்தியதை பெத்தவ உனக்குத்தான் இருந்துது. நீ இல்லாத எடத்துல அதை நான் எடுத்துக்கினேன். எவன் வாயைத் திறந்தாலும், முட்டி வலியோட எழுந்து நின்னு, விளக்கைப் போடச் சொல்லி, உன் தொண்டையில அவனுக்குப் பதில் சொல்லுவேன். பெரண்டையிலேருந்து ஆரம்பிப்பேன். இது நான் உனக்குக் குடுக்கற வாக்கு. படம் முடியற வரைக்கும் செல்வத்தோட பக்கத்து சீட்டுல நான்தான் உக்காருவேன், வேற யாருக்கும் அந்த எடத்தை விட மாட்டேன்.

உன் கதவுக்கு நேர்க்கதவு,
உன்கிட்ட திட்டு வாங்காத ஒரே தங்கச்சி,
அஞ்சலை